நானாரு மாஸ்டர்

எபநேசர் மாஸ்டர் 1986இல் காலமானபோது, சபையார் ஒரு நினைவுப் பிரசுரம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். நாலு பக்கம். அதில் ‘தாழ்மை’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. அவ்வளவு தாழ்மையை ஒரே ஆள் சுமந்திருந்தால் முதுகு வளைந்திருக்க வேண்டும். மாஸ்டருக்குக் கடைசிவரை முதுகு நேராகத்தான் இருந்தது. ‘1979ஆம் ஆண்டு சபைச் செயலாளர் பதவியைத் தாழ்மையோடு துறந்தார்’ என்றும் அதில் இருக்கிறது. அவர் துறக்கவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் கை உயர்த்தச் சொன்னபோது அவருக்கு மூன்று கைதான் உயர்ந்தது. அதில் ஒன்று அவருடையது.

கிழக்கிலங்கையில், கல்முனைத் தேவாலயத்துக்கு அவர் இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தார். போதகர்மார் மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை மாறிப் போய்விடுவார்கள். மாஸ்டர் மாறவில்லை. தாதிப் பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கு நற்சான்றுக் கடிதம், ஆசிரியர் வேலைக்குச் சிபாரிசு, ஞானஸ்நானத்துக்கு நாள், சேமக்காலையில் குழி மதிலோரமா நடுவிலா என்ற தீர்மானம் எல்லாம் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும். ஆனால் யாராவது போய் நேரே கேட்டால் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொள்வார். “நான் ஆரு? நான் வெறும் வேலைக்காரன். கமிட்டியெல்லோ தீர்மானிக்கிற” என்பார்.

கமிட்டி என்பது ஐந்து பேர். மாஸ்டர் இருமினால் மற்ற நாலு பேருக்கும் தொண்டை கரகரக்கும்.

தேவாலயத்தில் அவர் எப்போதும் கடைசி வாங்கில்தான் உட்காருவார். பிரசங்கம் எப்படி என்று அறிய விரும்பிய எல்லாரும் கழுத்தைத் திருப்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டில் எல்லாருக்கும் பிறகுதான் எடுப்பார், அதுவும் அடிப்பிடித்த சோற்றை. நல்ல சோறு வாங்கியவர்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு “ஐயோ மாஸ்டர், அது என்னத்துக்கு, இத எடுங்க” என்று மூன்று தரம் சொல்லும்வரை யாரும் வாயில் வைக்க முடியாது. அதற்குள் கறி ஆறிவிடும்.

கல்முனைக் கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரிகளிடமும் அவருக்கு மரியாதை இருந்தது. அவருடைய கடிதம் கந்தோர்களில் செல்லும் என்பது அவர்களுக்கும் தெரியும். அவருடைய பேர்தான் அவர்கள் வாயில் நுழையவில்லை. யாரோ ஒரு துணிக்கடைக்காரர் “அவர்தான், அந்த நான் ஆரு மாஸ்டர்” என்று சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நாளாக நாளாக இரண்டு சொல்லும் ஒன்றாகி ‘நானாரு மாஸ்டர்’ ஆயிற்று. பகிடியாகத் தொடங்கியதுதான். பிறகு வந்தவர்களுக்கு அது பகிடி என்றே தெரியாது. வேதக்காரர்களுக்கு எபநேசர், பெஞ்சமின், எசேக்கியேல் என்று பேர் இருக்கும்போது நானாரு என்று ஒன்று இருக்கக்கூடாதா?

மாஸ்டர் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை. அவருடைய மனைவி செல்லத்தங்கத்துக்கு எட்டியிருந்தது. அவர் சபையின் மாதர் சங்கத் தலைவி, வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்குப் போகிறவர்.

1978ஆம் ஆண்டு நவம்பரில் சூறாவளி அடித்தது. ஒரே இரவில் கரையோரத் தென்னைகள் முழுவதும் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டன. கூரைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. டிசம்பரில் வெளிநாட்டுச் சபைகள் கூரைத் தகரம் அனுப்பின, சாதி சமயம் பாராமல் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தகரம் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி தேவாலய மண்டபத்தில் அடுக்கப்பட்டது. மண்டபத்தின் சாவி மாஸ்டரின் வேட்டி மடியில். வாசலில் ஒரு மரப் பெட்டி வைத்தார்கள். விண்ணப்பத்தை அதில் போட வேண்டும். நேரே வந்து கேட்டவர்களிடம் மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துப் பெட்டியைக் காட்டினார்.

ஜனவரி இரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, கமிட்டி கூடியது. கொடுக்க வேண்டியவர்களின் பட்டியல் முடிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு ஒரு வைபவம் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. மேலதிகமாகச் சில கட்டுகள் இருந்ததால் பெட்டியில் மிஞ்சிய கடிதங்களை வாசித்தார்கள். வாசித்தவர் தேவராசா, அரச ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் கணீரென்று இருக்கும்.

“கல்முனைக் கோயில் நானாரு மாஸ்டர் அவர்களுக்கு” என்று தொடங்கி அவர் நிறுத்தினார். மற்ற மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.

“என்ன மாஸ்டர்?” என்றார் மாஸ்டர்.

“நானாரு மாஸ்டர் எண்டு கிடக்கு.”

“அது ஆரு?”

தேவராசா தொண்டையைச் செருமி மீதியை வாசித்தார்:

‘மருதமுனை கைருன்னிஸா எழுதிக்கொள்வது. வீடு எனக்குச் சீதனமாக வந்தது, ஆகையால் நான் எழுதுகிறேன். சூறாவளியில் கூரை போய்விட்டது. தென்னை விழுந்து என் புருஷன் முனாபுக்குக் கால் முறிந்தது, நெசவுக்குப் போக முடியாது. அடுத்த கிழமை நாங்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிள்ளை பிறந்தது. இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. பள்ளிக்கூடம் திங்கட்கிழமை தொடங்குவதால் வியாழக்கிழமை எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். உம்மாவின் வீட்டுக்கும் கூரை இல்லை. பன்னிரண்டு தகரம் இருந்தால் ஒரு அறையை மூடிப் பிள்ளையோடு இருந்துகொள்வோம். நீங்கள் நினைத்தால் நடக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள்.’

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாலு பேரும் சிரிப்பை அடக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது.

“பேர்கூட ஒழுங்காத் தெரியாம எழுதின கடிதத்த எப்பிடி எடுக்கிற? அடுத்த கூட்டத்தில பாப்பம்.”

“அது மாசக் கடைசியிலயெல்லோ. இந்தப் புள்ள வியாழக்கிழமை எண்டு எழுதியிரிக்கி” என்றார் தேவராசா.

“கமிட்டிக்கு ஒரு ஒழுங்கு இரிக்கி. அத மீறுறதுக்கு நான் ஆரு…”

சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கே காதில் விழுந்தது. அதற்கு மேல் நாலு பேராலும் அடக்க முடியவில்லை. போதகர் ஐயா இளைஞர், வெளியூர், கமிட்டிக்கு ஜெபம் பண்ணிவிட்டு ஒரு மூலையில் இருப்பவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றும் கதைக்கவும் இல்லை.

அன்று பின்னேரம் மாஸ்டர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

“இஞ்சருங்க, சோத்தோட என்ன கோவம்?” என்றார் செல்லத்தங்கம்.

“எனக்குப் பட்டம் வச்சிரிக்கானுகள். உனக்குத் தெரியுமா?”

“பத்து வரிசமாத் தெரியும்.”

“ஏன் சொல்லல்ல?”

“பொருத்தமா இருந்திச்சு. விட்டுட்டன்.”

கடிதத்தில் என்ன இருந்தது என்று செல்லத்தங்கம் கேட்டுக் கேட்டு வாங்கினார். பட்டம் எழுதியிருந்த முதல் வரியைத் தவிர மற்றதைச் சொல்ல மாஸ்டருக்கு ஆர்வமில்லை. நாற்பது முடியாத பிள்ளை என்றதும் செல்லத்தங்கம் கறிச்சட்டியை நிலத்தில் வைத்தார்.

“வியாழக்கிழமை அந்தப் புள்ள எங்க போற? இந்த மழைக்குள்ள?”

“கமிட்டி தீர்மானிச்சிட்டு. நான் என்ன செய்ற? நான் ஆரு?”

“நீங்க ஆரெண்டு நான் சொல்லட்டா? சாவி வச்சிரிக்கிற ஆள். சாவிய மடியில வச்சிக்கொண்டு நான் ஆரு நான் ஆரு எண்டு ஊரக் கேக்கிறதுக்குப் பேர் தாழ்மையில்ல, கள்ளத்தனம். குடுக்கிறதெண்டாக் குடுங்க, இல்லாட்டி ‘நான்தான் குடுக்கமாட்டன்’ எண்டு சொல்லிப்போட்டு இருங்க. அதாவது ஆம்பிளத்தனமாக் கிடக்கும்.”

“சத்தம் போடாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். வியாழக்கிழமை பின்னேரம் மாதர் சங்கக் கூட்டம். அதுக்குள்ள அந்தப் புள்ளைக்குத் தகரம் போகாட்டி, தேவராசாட்ட கடிதத்த வாங்கி நான் அங்க வாசிப்பன். முதல் வரியில இருந்து.”

மாஸ்டர் மனந்திரும்பினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்குக் கண்முன்னே வந்தது மருதமுனையில் மழையில் நனையும் பிள்ளையல்ல. மாதர் சங்கத்து நாற்பது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுதான்.

மறுநாள் அவர் கரத்தைக்காரர் கச்சிமுகம்மதுவைத் தேடிப் போனார். சந்தைக்கு மரக்கறியும் ஆலைக்கு நெல்லும் ஏற்றுகிற ஐம்பது வயது மனிதர். ஒற்றை மாட்டுக் கரத்தை.

“நாளைக்குச் சுபஹு நேரம் மண்டபத்தில ஒரு சாமான் ஏத்த வேணும். ஒருத்தருக்கும் சொல்லப்படாது.”

“ஏன் மாஸ்டர், களவா?”

“சீ. களவில்ல. ஆனாச் சொல்லப்படாது. சத்தியம் பண்ணு.”

“வல்லாஹி, சொல்ல மாட்டன். உங்கட கோயில் தகரத்த நீங்க குடுக்கிறதுக்கு என்ட சத்தியம் என்னத்துக்கோ தெரியா” என்றார் கச்சிமுகம்மது.

வியாழன் விடியற்காலை மாஸ்டர் வேட்டியை விட்டுவிட்டுப் பழைய சாரம் ஒன்று கட்டிக்கொண்டார். தலையில் சாக்கு. யாரும் அடையாளம் காணக்கூடாது. பன்னிரண்டு தகரத்தை இருவருமாக ஏற்றினார்கள். தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிற கோயிற்பிள்ளை மணிக்கூண்டடியில் நின்று பார்த்தார். மழைக்குள் அவருக்குத் தெரிந்தது கச்சிமுகம்மதுவின் கரத்தையும் சாக்குப் போட்ட யாரோ ஒரு கூலியாளும்தான்.

மருதமுனையில் கைருன்னிஸா நேரத்தோடே பள்ளிக்கூடத்தைவிட்டு வந்து, கூரையில்லாத வீட்டுக்குள் ஒரு தென்னோலைக் கிடுகுத் துண்டுக்கடியில் பிள்ளையோடு குந்தியிருந்தாள். முனாப் கட்டுப்போட்ட காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தான். கரத்தையைக் கண்டதும் அவள் பிள்ளையை அவன் மடியில் போட்டுவிட்டு எழும்பி வந்தாள். அழவில்லை. ஏணியைத் தேடினாள்.

கச்சிமுகம்மது மேலே ஏறினார். மாஸ்டர் கீழே நின்று தகரம் தூக்கிக் கொடுத்தார்.

“இஞ்ச காக்கா, அப்பிடிப் புடிச்சாக் காத்துத் தூக்கிட்டுப் போயிரும். உசத்திப் புடிங்க!” என்றாள் கைருன்னிஸா, சாரம் கட்டிய அவரை யாரோ ஒரு முஸ்லிம் அண்ணன் என்று நினைத்து. “என்ன காக்கா இது, சோறு தின்னல்லயா? கச்சிக் காக்கா, இந்தாள எங்க புடிச்ச?”

“வழியில கிடந்திச்சு, ஏத்திட்டு வந்தன்” என்றார் கூரையிலிருந்த கச்சிமுகம்மது.

மாஸ்டரின் வாயில் ஐந்தாறு ஆணி. ஒவ்வொன்றாக மேலே எடுத்துக் கொடுப்பதற்காக வைத்திருந்தார். அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

“அந்த நானாரு மாஸ்டர்தானே அனுப்பின?” என்று கேட்டாள்.

“அதக் கேக்காத புள்ள.”

“அவருக்குத்தான் நான் எழுதின. முகம் தெரியா மனிசன், உடனே அனுப்பிட்டாரே! ஒவ்வொரு தொழுகையிலயும் அவருக்குத் துஆ கேப்பன். அவர்ர பேரச் சொல்லியே கேப்பன்.”

மாஸ்டர் ஆணிகளைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு அறைக்குக் கூரை ஏறியது. அன்று முழுக்க அவர் ‘நான் ஆரு’ என்று ஒருதரமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தோள் நோகிறது என்றார். செல்லத்தங்கம் எண்ணெய் சூடாக்கிக் கொடுத்தார். மாதர் சங்கத்தில் கடிதம் வாசிக்கப்படவில்லை. விஷயம் அதோடு முடிந்திருந்தால், பிரசுரத்தில் எழுதியதைப் பாதியாவது நம்பியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். தகரத்தை வீடுகளுக்கு ஏற்றிப் போகக் கச்சிமுகம்மதுவைத்தான் பேசியிருந்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலோரம் நின்றார். பேர் வாசிக்கத் தொடங்குமுன் தேவராசா கட்டுகளை ஒருதரம் பார்த்தார். ஒரு கட்டு இருந்த இடம் வெறும் சீமெந்து நிலமாகக் கிடந்தது.

“இஞ்ச இருந்த கட்டு எங்க?”

கோயிற்பிள்ளை தான் கண்டதைச் சொன்னார். வியாழக்கிழமை விடியற்காலை, கச்சிமுகம்மதுவின் கரத்தை, கூட ஒரு கூலியாள்.

மண்டபம் முழுக்கத் திரும்பி வாசலைப் பார்த்தது.

“கச்சிமுகம்மது, தகரத்த எங்க கொண்டுபோன?” என்றார் தேவராசா.

“மருதமுனைக்கு.”

“ஆருக்கு?”

“முனாபுட பொண்டாட்டி கைருன்னிஸாக்கு. கூரைக்கு அடிச்சாச்சு.”

“ஆரு தந்த?”

கச்சிமுகம்மது கடைசி வாங்கை ஒருதரம் பார்த்தார். அங்கே மாஸ்டர் தன் கால் பெருவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“சொல்லு மனிசா. கதவு தானாத் துறந்திச்சா?”

“சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிட்டன் தொர. சத்தியம் பண்ணினாச் சொல்ல ஒண்ணா.”

“பாருங்க எடுப்ப! களவெடுத்ததுக்குச் சத்தியம் வேற. அவளுக்கு அடுத்த கூட்டத்தில பாப்பம் எண்டு கமிட்டி சொன்ன, அதுக்குப் புறகு களவாக் கொண்டுபோயிரிக்கான். இஞ்ச, நாலு பேர் ஏணியோட மருதமுனைக்குப் போங்க. தகரத்தக் கழட்டிட்டு வாங்க. மாஸ்டர், இவனப் பொலிசில குடுப்பமா? நீங்க சொல்லுங்க.”

இத்தனை நாளும் எதற்கும் அவரைக் கேட்பது வழக்கம். அதே வழக்கத்தில்தான் கேட்டார். மாஸ்டர் எழும்பினார். இரண்டு கையும் பழக்கத்தில் நெஞ்சுக்குப் போயின.

“கமிட்டி என்ன சொல்லுதோ…” என்றார்.

அதைக் கேட்டும் கச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கடிதம் எழுதிய பெண்ணின் பிள்ளைக்கு மேல் இருந்த கூரையும் தன்னுடைய மானமும் ஒரே ஆளின் நாக்கில் தொங்குகிறது என்பது அந்த மண்டபத்தில் அவருக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும், பெண்கள் பக்கத்தில் முன்வரிசையிலிருந்த செல்லத்தங்கத்துக்குத் தெரியும். செல்லத்தங்கம் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பத் தயாராக வாங்கின் நுனிக்கு வந்துவிட்டார்.

நாலு பேர் ஏணியைத் தூக்கினார்கள். ஏணியின் தலை வாசலைத் தாண்டிவிட்டது. நடுவில் பிடித்திருந்தவர் “மழைக்குள்ள போக வேணுமா” என்று முணுமுணுத்தார். ஏணியின் கடைசிப் படி வாசற்படியில் தட்டிய சத்தம் கேட்டது.

“நில்லுங்க” என்றார் மாஸ்டர்.

குரல் எழும்பவில்லை. இன்னொருதரம் சொன்னார்.

“நில்லுங்க. நான் குடுத்தன்.”

“என்ன மாஸ்டர்?”

“நான்தான் குடுத்தன். கமிட்டியக் கேக்கல்ல. சாவி என்ட கையில இருந்திச்சு. துறந்து குடுத்தன். கூலியா நிண்டதும் நான்தான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தேவராசா கையிலிருந்த பட்டியலை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் ‘நான்’ என்று தொடங்கிய வசனத்துக்கு ஒரு செயலைச் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை. கேட்டவர்களுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூலையிலிருந்த போதகர் ஐயா எழும்பி வந்தார்.

“ஏணிய உள்ளுக்குக் கொண்டு வாங்க. அந்தக் கூரையில ஒருத்தரும் கை வைக்கப்படாது. பட்டியல வாசியுங்க” என்றார்.

பட்டியல் வாசிக்கப்பட்டது. ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். செல்லத்தங்கம் வாங்கின் நுனியிலிருந்து பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பாராட்டுகிற முகமாக அது இல்லை. அடுப்பில் வைத்த சோறு ஒருவழியாக வெந்தது என்று அறிந்தவளின் முகம்.

எல்லாரும் போனபிறகு மாஸ்டர் வெளியே வந்தார். மழை விட்டிருந்தது. கச்சிமுகம்மது கரத்தையில் கடைசிக் கட்டைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றார். கரத்தைச் சட்டத்தைப் பிடித்தார், விட்டார்.

“கச்சிமுகம்மது, குறை நினைக்காத. நான் சொல்லிட்டன்தானே.”

“ஓம் மாஸ்டர், சொல்லிட்டீங்க. அந்தப் புள்ளைக்குக் கூர தப்பிச்சு, அல்ஹம்துலில்லாஹ்.” அவர் முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். “ஆனா நீங்க வாயத் துறக்கிற மட்டும் நான் அவ்வளவு சனத்துக்கு முன்னால கள்ளனா நிண்டனே, அந்த நேரத்த எனக்கு ஆரு திருப்பித் தாற?”

மாட்டைத் தட்டினார். கரத்தை பெரிய றோட்டுக்கு ஏறிவிட்டது.